மந்தையில் போட்ட வட்டம்

புதுக்கோட்டைச் சீமையில் நாடகம் பார்க்கத் தெரியாத ஊர் கிடையாது. பங்குனி, சித்திரையில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழாவின் ஏதோ ஓர் இரவில் ‘வள்ளி திருமணம்’ நிச்சயம். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியக்காரர் சுதி பிடித்தால், முருகன் வள்ளிக்கு மாலை போடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து கடைசி பஸ் பிடித்து. ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் வைத்துவிட்டுப் போன பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அது நடக்கும். பாயும் தலையணையுமாக வந்து முன்னால் இடம் போட்டிருக்கும் கிழவிகளுக்கும் மனப்பாடம்தான். ராஜபார்ட் ஓர் அடியை விழுங்கினால் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் 1991இல் அறிவொளி இயக்கக் கலைக்குழுவாக நாங்கள் நாடகம் போடப் போனோம். மேடை கிடையாது, மைக் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது, கிரீடமும் ஜிகினாவும் கிடையாது. ஒரு தப்பு, இரண்டு சலங்கைச் சரம், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தைத்த ஜிப்பா. கீரனூர்ப் பக்கம் ஓர் ஊரில் வேனை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “நாடகக்காரவுக வந்துருக்காகன்னு சொன்னாய்ங்க. பொட்டி எங்கப்பா?” என்றார். ஆர்மோனியப் பெட்டியைத்தான் கேட்கிறார். இல்லை என்றோம். “பபூனாச்சும் உண்டா?” உண்டுங்கய்யா என்றோம். “அப்பச் சரி” என்று சாவடித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். நாடகத்தின் குறைந்தபட்சத் தேவை எது என்று எந்தப் பயிலரங்கிலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

நாடகத்துக்காகப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நடிகர் பி.யு. சின்னப்பாவின் பெயரில் இருக்கும் ‘பி’ புதுக்கோட்டைதான். 1916இல் இங்கே பிறந்த அவர், சிறுவனாகவே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது அவர்களும் சின்னப் பையன்கள். அவர்களில் ஒருவரான அவ்வை சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். ஓர் ஊரில் சில மாதம், பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். பாட்டும் நடிப்பும் வந்தது, அடியும் கிடைத்தது. பெரியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து நடித்தார்கள். அந்தக் கம்பெனிகளிலிருந்துதான் தமிழ் சினிமாவின் பாதி முளைத்தது என்று பெருமையாகச் சொல்வோம். சினிமாவுக்குப் போகாத மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை.

அறிவொளி இயக்கம் என்றால் இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்காரர்கள் 1980லிருந்தே பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராக அறிவியலைச் சொல்லிக்கொண்டு கலைப்பயணம் போனார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1987இலும் 1990இலும் நாடு தழுவிய கலைப்பயணங்கள் நடந்தன. எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி எல்லாப் பக்கமும் எழுந்தது. புதுக்கோட்டையில் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைக் கையில் எடுத்தார். ஒன்பது வயது முதல் நாற்பத்தைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அனைவருக்கும் சம்பளமில்லாத் தொண்டர்களை வைத்து, இரவு நேரத்தில், அவரவர் தெருவிலேயே வகுப்பு. வகுப்பு தொடங்குமுன் ஊரை உசுப்ப வேண்டும். அதற்குத்தான் கலைக்குழு.

குழுவில் பள்ளி வாத்தியார்கள் இருந்தார்கள், வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரிகள் இருந்தார்கள், தையல் தெரிந்த ஓர் அக்கா, தப்படிக்கத் தெரிந்த ஓர் அண்ணன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், பாதல் சர்க்கார் 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய நாடகப் பயிலரங்கைப் பற்றியும், 1989 ஜனவரியில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த இடத்தில் தாக்கப்பட்டு இறந்த சப்தர் ஹாஷ்மியைப் பற்றியும் பேசுவார்கள். நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். ஆனால் எங்களுக்கு உண்மையில் பாடம் நடத்தியவர்கள் ஊர்ப் பிள்ளைகள்தான்.

நாடகம் போடும் விதம் இதுதான். சாயங்காலம் மாடு கன்று வீடு திரும்பும் நேரம் தப்பை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும். முதலில் வருவது பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நாய்கள். மூன்றாவது தெருவைத் தாண்டும்போது ஒரு படையே பின்னால் வரும். பிறகு மந்தைக்கு வந்து, எங்களில் ஒருவர் காலாலேயே புழுதியில் பெரிய வட்டம் ஒன்றைக் கீறுவார். பிள்ளைகள் கோட்டை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வருவார்கள். பெண்கள் கூடிவிட்டால் ஆண்கள் தோளில் துண்டோடு பின்னால் வந்து, சும்மா அந்தப் பக்கம் போகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். நோட்டீசும் தண்டோராவும் சேர்க்காத கூட்டத்தைப் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள்.

பெரியவர்களுக்கு என்று வைத்திருந்த நாடகங்கள் கைநாட்டு வைத்து ஏமாறுவதும், கூலிக் கணக்கில் மோசம் போவதும், சாராயம் குடித்துக் குடும்பம் கெடுவதுமாக இருந்தன. நல்ல நாடகங்கள்தான். இன்று யோசித்தால் கொஞ்சம் கத்தல் அதிகம். அவற்றுக்கு முன்னால், கூட்டம் சேரும்வரை பிள்ளைகளை உட்காரவைப்பதற்காகச் சின்ன விளையாட்டு ஒன்று செய்வோம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ‘பஸ்’ என்போம்.

ஆறு பேர் இரண்டிரண்டாக நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்தால் பஸ். முன்னால் ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், வாயாலேயே கியர் மாற்றுவார். கண்டக்டர் விசில் அடிப்பார். பழைய பஸ் என்பதால் அடிக்கடி நின்றுபோகும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்துப் பாதி ஊர்களுக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவைதான் பஸ். அதுவும் மழை பெய்துவிட்டால் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். அதனால் இந்த விளையாட்டுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கண்டக்டர் வட்டத்தின் ஓரத்துக்கு வந்து “யாரெல்லாம் ஏறுறீங்க?” என்று கேட்பதற்குள் வட்டத்தில் இடமிருக்காது.

“எங்க போகணும்?” என்று கண்டக்டர் கேட்க வேண்டும். அங்கேதான் நாடகம் எங்கள் கையை விட்டுப் போகும்.

புதுக்கோட்டை ஒரே மாவட்டமாக 1974இல்தான் ஆனது. திருச்சியிலிருந்து கொஞ்சம், தஞ்சாவூரிலிருந்து கொஞ்சம் பிரித்துச் சேர்த்தது. வடக்கே விராலிமலை, கீரனூர்ப் பக்கம் பாறையும் பொட்டலும். கிழக்கே ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் செம்மண், முந்திரி, பலா. அறந்தாங்கி தாண்டிப் போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடல். பேச்சே மாறும். ஒரு பக்கம் ‘வந்துருக்காக’, இன்னொரு பக்கம் ‘வந்திருக்காங்க’. விராலிமலைப் பிள்ளைகள் எல்லோரும் மயில் மாதிரி கத்துவார்கள். மலையில் மயில் அவ்வளவு உண்டு. ஆனால் அவர்களில் கடலைப் பார்த்தவர்கள் ஓரிருவர்கூட இல்லை. கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு மயில் என்றால் சாமி படத்தில் முருகனுக்குக் கீழே இருப்பது.

ஆகவே பஸ் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் வடக்கே பிள்ளைகள் கடல் என்பார்கள், கடற்கரையில் மலை என்பார்கள். ‘கடல் எப்படி இருக்கும், சொல்லு’ என்று கண்டக்டர் கேட்பார். கண்மாய் நிறைந்தால் எப்படி இருக்கும், அதுபோல என்று ஒரு பையன் சொன்னான். “அக்கரை தெரியுமா?” “தெரியும், ஆனா அங்க பஸ் போகாது.” அடுத்த வாரம் கடற்கரை ஊரில் பஸ் விளையாட்டின்போது எங்கள் கண்டக்டர் அந்தப் பதிலை அப்படியே சொன்னார். மீனவப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து நின்று, அக்கரை இருக்கிறது, அங்கே இலங்கை இருக்கிறது, எங்க அப்பா ராத்திரி அங்கே வெளிச்சம் பார்த்திருக்கிறார் என்று திருத்தம் சொன்னாள். அந்தத் திருத்தத்தை நாங்கள் வடக்கே கொண்டுபோனோம்.

இப்படியாக பஸ் பெரிதாகிக்கொண்டே போனது. திருமயத்தில் ஏறிய பிள்ளைகள் கோட்டை மேலே இருக்கும் பீரங்கியை பஸ்ஸுக்குள் ஏற்றப் பார்த்தார்கள், லக்கேஜ் டிக்கெட் கேட்டதால் விட்டுவிட்டார்கள். குடுமியான்மலையில் பாறையிலேயே ச, ரி, க என்று சுரங்கள் வெட்டிய பழைய கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சறுக்கு விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து, அவ்வளவுதான். எங்கள் குழுவில் பாடத் தெரிந்தவர், அது பாட்டு, கல்லில் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னபோது ஒருவன் நம்பவில்லை. “அப்ப பாடிக் காட்டுங்க.” அவரால் முடியவில்லை. சங்கீதப் பேராசிரியர்களே தலையைச் சொறியும் கல்வெட்டு அது. “பஸ்ஸுல ஏத்தாதீங்க, வெறும் கல்லு” என்று அந்தப் பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

கடற்கரை ஊர்களில் காற்றுதான் எதிரி. சொல்வதை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். அங்கே வசனத்தைக் குறைத்து உடம்பால் செய்யக் கற்றுக்கொண்டோம். காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று பேசினால் முன்னால் இருப்பவர்களுக்காவது கேட்கும் என்று சொல்லித் தந்தது வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா.

தங்குவது பஞ்சாயத்து யூனியன் தொடக்கப்பள்ளியில். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் கட்டில். சாப்பாடு ஊர் வீடுகளில், ஆளுக்கு ஒரு வீடு. எந்தத் தண்ணீரில் குளிக்கலாம், எதில் கால்கூட நனைக்கக் கூடாது என்று காலையில் வந்து சொல்வது பிள்ளைகள்தான். ஊருணி குடிக்க, கண்மாய் குளிக்க.

ஒரு காலையில் பள்ளி வராந்தாவில் விசில் சத்தம் கேட்டு எழுந்தோம். எங்கள் பஸ்ஸைப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைவிட நன்றாக. கண்டக்டராக ஒரு பெண், பத்து வயது இருக்கலாம், தோளில் ஓலைப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பஸ் நின்ற இடங்களை எல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு சின்னப் பையன் இறங்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள். “காலனி ஸ்டாப்பா? அங்க நிக்காது. பாலத்துல எறங்கி நடந்து போ.” பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி, பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று நடந்து வந்தான். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அது நகைச்சுவைக்காகச் சேர்த்த வசனம் இல்லை என்று எங்களுக்கும் விளங்கியது.

முதல் நாள் மாலையில் அந்த ஊர் மந்தையில் நாடகம் போட்டபோது காலனிப் பிள்ளைகள் வட்டத்துக்கு வராமல் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றதை நாங்கள் பார்த்திருந்தோம். டீக்கடைகளில் தனிக் கிளாஸ் வைத்திருந்த காலம் அது. ஊருக்குள் ஒரு ஆட்டம், காலனியில் ஒரு ஆட்டம் என்று இரண்டு முறை போட்டால் பிரச்சினை இல்லை என்று உள்ளூர்ப் பெரியவர்கள் யோசனை சொல்வார்கள். பல ஊர்களில் அப்படித்தான் நடந்தது. சில ஊர்களில் பள்ளிக்கூட மைதானத்தில் வட்டம் போட்டோம். பள்ளியில் யாரும் யாரையும் வராதே என்று சொல்ல முடியாது என்ற ஒரே காரணத்துக்காக. அந்தக் கண்டக்டர் வசனத்தை அன்று முதல் எங்கள் பஸ்ஸில் சேர்த்துக்கொண்டோம். இரண்டு ஊர்களில் அதைக் கேட்டதும் ஆட்கள் எழுந்து போனார்கள். ஓர் ஊரில், “படிப்பு சொல்லித் தர வந்தீகளா, சண்டை மூட்டிவிட வந்தீகளா?” என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் மட்டும் எழுந்து போகவில்லை. அடுத்து எந்த ஸ்டாப் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒன்பது வயது முதல் என்று சொன்னேனே, அந்த வயதை நான் இன்றும் அடிக்கடி நினைப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளை முதியோர் கல்வி வகுப்பில் பெயர் எழுத வருகிறது என்றால், அது பகலில் பள்ளிக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஆடு மேய்த்தது, கல் குவாரியில் அம்மாவுக்குச் சல்லி அள்ளிப் போட்டது, தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டது. இந்தப் பிள்ளைகள் பஸ் விளையாட்டில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பார்கள். ஆகவே பஸ்ஸுக்குப் போர்டு வைத்தோம். அட்டையில் ஊர்ப் பெயர் எழுதி முன்னால் பிடிப்பது. எந்த பஸ் என்று போர்டைப் பார்த்துச் சொல்கிறவர்தான் ஏறலாம் என்று விதி. முதலில் அது அந்தப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிடுமோ என்று பயந்தோம். நடந்தது வேறு. சொந்த ஊர்ப் பெயரின் உருவத்தை ஒரே நாளில் கண்ணால் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் அந்த எழுத்துகள் வேறு ஊர்ப் பெயர்களில் எங்கே வருகின்றன என்று தேடினார்கள். பெரியவர்களும் அறிவொளி வகுப்புக்கு எதற்கு வந்தாய் என்று கேட்டால் பஸ் போர்டு படிக்கத்தான் என்று சொன்னவர்கள்தானே. இரண்டாவது பஸ்ஸுக்கும் யாரையாவது கேட்டு நிற்பது எவ்வளவு வெட்கம் என்று கேட்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் குழுவில் பெண்கள் இருந்தது ஊர்ப் பெண் குழந்தைகளுக்குப் பெரிய செய்தி. ‘வள்ளி திருமணம்’ போன்ற ஸ்பெஷல் நாடகங்களில் நடிக்கும் பெண்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். நடிப்பைக் கைதட்டிப் பார்த்துவிட்டு, விடிந்ததும் மோசமாகப் பேசும். அதே பேச்சு நம் பிள்ளைக்கும் வரும் என்று வீட்டில் பயந்ததால், எங்கள் அக்காமார் ஒவ்வொருவரும் சண்டை போட்டுத்தான் வந்திருந்தார்கள். நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி, “ஒங்க வீட்டுல விட்டாகளாக்கா?” இரண்டாவது கேள்வி, “சைக்கிள் ஓட்டுவீகளா?”

சைக்கிள் இன்னொரு கதை. அறிவொளியோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதும் ஓர் இயக்கமாகவே நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பின்னாளில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை இந்திப் பாடநூலில்கூடப் பாடமாக வந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் மிதித்த கதையை இந்தியில் படித்துப் பரீட்சை எழுதிய வடநாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதுதான் வேடிக்கை. எங்களுக்கு அதனால் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ஓர் ஊரில் பார்த்த நாடகத்தை மறுநாள் பக்கத்து ஊரிலும் பார்க்க, வாடகை சைக்கிளில் டபுள்ஸ் வைத்துக்கொண்டு பெண் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வசனத்தை மாற்றிச் சொன்னால் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். “நேத்து வேற மாதிரில்ல சொன்னீக?”

பிள்ளைகளை நிஜமாகவே ஊர் மாற்றும் யோசனையும் கேரளத்திலிருந்து வந்ததுதான். பரிஷத்துக்காரர்கள் நடத்திய குழந்தைகள் திருவிழாவில் வெளியூர்ப் பிள்ளைகளை உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்துப் போவார்கள். பகலெல்லாம் சேர்ந்து நாடகம், களிமண், பாட்டு. ராத்திரி தோழன் வீட்டில் சோறு, தோழன் வீட்டில் படுக்கை. எங்கள் பக்கம் அதைச் செய்து பார்த்தபோது, நாடகம் தயாரிப்பது சுலபமாக இருந்தது. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் தங்குவது என்று பட்டியல் போடுவதுதான் ராத்திரி முழுக்கப் பேச வைத்தது. யாரும் வாய்விட்டு எதையும் சொல்ல மாட்டார்கள். “எங்க வீட்டுல எடம் பத்தாது சார்” என்பார்கள். மூன்று கட்டு வீடாக இருக்கும். அதே ஊரில், ஓட்டுச் சாய்ப்பு ஒன்றும் திண்ணை ஒன்றும் மட்டுமே இருந்த ஒரு வீட்டு அம்மா இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். என்ன சாதி என்று கேட்கவில்லை, என்ன குழம்பு பிடிக்கும் என்றுதான் கேட்டார்.

கடற்கரையிலிருந்து வந்த பிள்ளைகள் மயிலைப் பார்த்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போனோம். கண்மாய் மாதிரி இருக்கும் என்று சொன்ன பையனும் வந்திருந்தான். அலையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது, “இதுக்கு மடை எங்க இருக்கு?” பாசனக்காரன் வீட்டுப் பிள்ளை வேறு எதைக் கேட்பான்!

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. விழா நடந்தது. அதன்பின் தொடர்கல்வி என்று கொஞ்ச காலம் ஓடியது. மையங்கள் திறந்தன, மூடின. கற்றதை மறந்தவர்களும் உண்டு, மறக்காமல் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவர்களும் உண்டு. வாத்தியார்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். தப்படித்த அண்ணன் கொஞ்ச நாள் கல்யாண வீடுகளுக்கு ஒயிலாட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் புதுச்சேரியில் வேலு சரவணன் பிள்ளைகளுக்கு நாடகம் போடுவதைப் பார்த்தேன். ‘ஆழி’ என்ற குழுவை நடத்துகிறவர், ‘கடல் பூதம்’ போன்ற நாடகங்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறவர். கோமாளியாக வந்து நின்றார், பிள்ளைகள் கத்திய கத்தில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்களிடம் எப்போதும் ஒரு செய்தி இருந்தது. எழுத்து, மருந்து, கழிப்பறை, கைநாட்டு. அவரிடம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயச் செய்தி எதுவும் இல்லை, அதனால் அவர்கள் சொல்வதைக் கேட்க நேரம் இருந்தது. எங்கள் நாடகங்களில் இன்று எவருக்காவது எதுவாவது நினைவிருந்தால் அது அந்தப் பெயரில்லாத பஸ்ஸாகத்தான் இருக்கும். செய்தி இல்லாததால் அது தப்பித்தது.

2021இல் இல்லம் தேடிக் கல்விக்காக மறுபடியும் கலைக்குழுக்கள் ஊர்களுக்குப் போயின. தப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அதே மாதிரி ஓடி வந்ததைப் பார்த்தேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழாவும் நடக்கிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது போட்டி. பள்ளி அளவில் வென்றால் வட்டாரம், வட்டாரத்தில் வென்றால் மாவட்டம், பிறகு மாநிலம். பிள்ளைகள் பயணம் போகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போடும் மூன்று பேர் முன்னால் நடிப்பதற்காக. நடித்து முடித்தவுடன் பஸ் ஏறிவிடுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அந்த நாடகத்தைப் பார்ப்பதே இல்லை. தோற்ற நாடகத்தைச் சொந்த ஊரே பார்ப்பதில்லை.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கலைத்திருவிழாவுக்குத் தயாரித்த நாடகத்தை, பரிசு வாங்கியதோ இல்லையோ, ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், நடுவர் வேண்டாம். பள்ளி மைதானத்தில் ஒரு வட்டம் போதும். அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு வரட்டும். அடுத்த சனிக்கிழமை அவர்கள் உங்கள் ஊருக்கு வரட்டும். ஆகும் செலவு வேன் வாடகை மட்டும்தான்.